நாமக்கோழி

எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். பால்கனிக் கொடியில் அவளுடைய ரப்பர் பூட்ஸ் தலைகீழாகத் தொங்கியது. குனிந்து கடந்து துண்டை எடுத்தேன். குளித்துவிட்டு, அலுவலகம் போகாமல் படகுத்துறைக்குப் பஸ் ஏறினேன்.

என் மனைவிக்கு விலங்குக் கணக்கெடுப்பு வேலை. ஏழு ஏரிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால்வாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே படகோட்டி. வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பிப்பாள்: "நாங்க இன்னைக்கு மூணாவது ஏரியில நாமக்கோழி பாத்தோம்."

நாங்க. அதில் நான் இல்லை. எனக்கு உரிய 'நாம' கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் வரும், இல்லையென்றால் அந்த நீர்ப்பறவையின் பெயரில் வரும். படகோட்டி என்னைவிட இருபது வயது மூத்தவர். அதனால் பொறாமை குறைந்துவிடவில்லை.

படகில்தான் சரிந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அப்போதும் பக்கத்தில் இருந்தது அவர்தான். "எங்க வீட்டுக்காரரப் பாத்துக்குங்க" என்று கடைசியாகச் சொன்னதாக என் மாமியாரிடம் சொன்னார். அவள் என்னை ஒருநாளும் வீட்டுக்காரர் என்றதில்லை. வாடகை வாங்க வருபவரைத்தான் அப்படிச் சொல்வாள்.

படகோட்டி என்னை ஏற்றிக்கொண்டார்.

"நடுவுல உக்காருங்க சார். முன்னாடி அவங்க இடம்."

முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டார்.

கால்வாய்க்குள் திரும்பினோம். ஓரமெல்லாம் கயிறு உரசித் தடம் விழுந்த கல்தூண்கள். ரோடு வருவதற்கு முன்னால் காட்டு மரத்தை இதிலேதான் மிதக்கவிட்டு நகரத்துக்குக் கொண்டுபோனார்களாம். தூண் ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்து நின்றது.

"இதெல்லாம் எனக்கு அவங்க சொன்னதுதான்" என்றார்.

"தெரியும்." எனக்குத் தெரியாது.

ஐந்தாவது ஏரியில் கேட்டேன். "மாமியார்கிட்ட சொன்னது பொய்தானே?"

"பொய்தான். அந்தம்மா அழுததப் பாத்து வாயில வந்தத சொல்லிட்டேன்."

"நிஜமா என்ன சொன்னா?"

துடுப்பை நிறுத்தினார். கரையில், வேர்களுக்கு அடியில் ஒரு பொந்து.

"அதுல நீர்நாய் குட்டி போட்டிருந்துச்சு. அவ்வளவு வருஷத்துல அன்னைக்குத்தான் முதல்ல பாத்தோம். கிட்டப் போய்ப் பாக்கலாமான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"விடுங்க சார். இப்ப நெனச்சாலும் எனக்குச் சுருக்குங்குது."

"சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்காமல் பொந்தைப் பார்த்துச் சொன்னார்.

"'வேணாண்ணே. ஞாயித்துக்கிழமை நாங்க வந்து பாத்துக்கறோம்.'"