கொக்கு அடிக்குமா?

பான் ஷியூசின் சீனாவின் யோங்சுன் மலையடிவாரத்தில் கால்நடை மருத்துவர். முப்பது வருடமாக மாலை தவறாமல் 'வெள்ளைக் கொக்கு' என்ற சண்டைக் கலையைப் பயில்பவள். பயிற்சிக் கூடத்தை நடத்தும் தெகுவாங் அவளுக்குப் பெரியப்பா மகன்.

அந்த மார்ச்சில், ஆரஞ்சுத் தோப்பு வலையில் கால் சிக்கிய கொக்கு ஒன்றை அவளிடம் கொண்டுவந்தார்கள். மருந்து போடும்போது இறக்கையைத் தடவிப் பார்த்தாள். எலும்பு ஈர்க்குச்சி கனம்தான். பன்னிரண்டு நாள் பின்கட்டில் வைத்திருந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு நாய் மோப்பம் பிடித்து வந்தது. கொக்கு இறக்கையை ஓங்கவே இல்லை. கழுத்தை உள்ளிழுத்துக் கண்ணுக்குக் குறிவைத்து ஒரே கொத்து. நாய் அலறி ஓடியது.

அன்று மாலை கூடத்தில் தேநீர் குடிக்கும்போது கேட்டாள்.

"அண்ணே, நம்ம ஆதி குருவம்மா கொக்கைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்கன்னு சொல்றோமே, அது எந்தக் கொக்கு?"

"ஏன், உன்கிட்ட வைத்தியத்துக்கு வந்துச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"குருவம்மா வீசின கம்பைக் கொக்கு இறக்கையால தட்டிவிட்டுச்சாம். நிஜமாத் தட்டியிருந்தா இறக்கை ஒடிஞ்சிருக்கும்ணே. கொக்கு கண்ணைக் குத்தும், இல்லாட்டிப் பறந்துடும்."

தெகுவாங்கின் முகம் வாடியது. கூடத்தை அரசின் பாரம்பரியக் கலைப் பட்டியலில் சேர்க்க, சனிக்கிழமை அதிகாரிகள் வருவதாக இருந்தது.

"இப்பப் போய் இதைக் கிளப்புறியே. அப்போ இத்தனை வருஷம் நாம ஆடினது பொய்யா?"

ஷியூசினுக்கும் அதுதான் நெஞ்சில் முள்ளாக இருந்தது. எழுந்து கையை நீட்டினாள்.

"மணிக்கட்டைப் பிடிங்க."

அவர் இறுக்கிப் பிடித்தார். அவள் தோளைத் தளர்த்தி, முதுகிலிருந்து கையை உதறினாள். தெகுவாங் நாலடி பின்னால் போய் பெஞ்சில் மோதினார். ஒரு கோப்பை உடைந்தது.

"பொய்யான்னு உங்க தோளைக் கேளுங்க."

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். "அப்போ இதை யாரு கண்டுபிடிச்சது?"

"அடி வாங்கின மனுஷங்கதான்."

"மனுஷச் சண்டைன்னு பலகை மாட்டினா எவன் வருவான்?" என்றவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை அதிகாரிகள் கொக்குக் கதையைக் கேட்டார்கள். தெகுவாங் முழுக்கச் சொல்லிவிட்டு, "இது எங்க பெரியவங்க சொன்ன கதைங்க. நடந்துச்சான்னு எங்களுக்குத் தெரியாது. அடி மட்டும் நிஜம்" என்றார். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு ஷியூசின் ஆடினாள். பறவையாகத் தோன்ற வேண்டுமே என்ற கவலை அன்று அவளுக்கு இல்லை. கை தன் பாட்டுக்குப் போய் வந்தது.