அழுகை முடியும் இடம்

...குக்கர் விசில்கூட நம்முடையது இல்லையாமே, அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்போதிருந்த பவானிபூர் வீட்டு அடுப்பில் அவள் கையால் அரிசி களைந்து ஏற்றிய குக்கர், திரையில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது, விசில் மட்டும் எந்தப் புண்ணியவதி வீட்டதோ, இராஜமாணிக்கம் சொல்கிறான். டிவிடி வந்த பிறகு இப்படியும் ஒரு வசதி, நடிப்பவர்களின் பேச்சு அடங்கிப்போய், எடுத்தவனே பக்கத்தில் உட்கார்ந்து கதைசொல்வது. சாந்த்ராகாச்சி ரயில்வே காலனிப் பையன், மீசை சரியாக முளைக்காத வயதில் வங்காளிப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பி, ஷூட்டிங்குக்கு வீடு கிடைக்காமல் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியவன், இப்போது டிஸ்கை கூரியரில் அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, ஆத்துக்காரர் சுந்தரேசன் சால்ட் லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் பார்த்துவிட வேண்டும். காய்கறித் தள்ளுவண்டியில் கேமராமேனை உட்காரவைத்துத் தள்ளினோம் என்கிறான், மழை என்பது மொட்டைமாடியில் ஒருவன் பிடித்த குழாய்த் தண்ணீர் என்கிறான், ஜன்னலில் தொங்குவது திரைச்சீலை இல்லை, பௌதியின் பட்டுப்புடவை, பௌதி என்றால் அண்ணி, இவள்தான், சாப்பாட்டுச் செலவும் பௌதி தலையில்தான். அடப்பாவி, அந்த மாம்பழக் கலர் புடவையா, இதைத்தான் இஸ்திரி போட எடுத்துப் போகிறோம் என்றார்களா... யூனிட் முழுக்க வங்காளிப் பையன்கள், பௌதி பௌதி என்று கூப்பிட்டே சாம்பார் சாதத்தை வழித்துவிட்டுப் போவார்கள், இராஜமாணிக்கம் மட்டும் அக்கா என்பான்.

அவள் காத்திருப்பது புடவைக்காக இல்லை, இன்னும் கொஞ்சம் போனால் அந்த இடம் வரும், அவள் பெண் மாதவி வருகிற இடம். குழந்தை நட்சத்திரம் பிடிக்க வசதியில்லை, அக்கா, மாதுவை ஒரு காலைப் பொழுது மட்டும் கொடுங்க என்று வந்து நின்றான், எட்டு மாசக் குழந்தையின் நெற்றிப் பொட்டை அழித்து ஆண் குழந்தையாக்கிவிட்டார்கள், பாயில் உட்கார்ந்திருக்கும், படத்து அம்மா கதவைத் திறந்துகொண்டு போவாள், குழந்தை அழும், அவ்வளவுதான். அது தொண்ணூற்றைந்து குளிர்காலம். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வெறும் கையோடு திரும்பினார்கள். போட்டோ நாலைந்து இருக்கிறது, குரல் என்று மிஞ்சியது இந்த அழுகைதான். படத்தின் வீடியோ கேசட் பூஞ்சை பிடிக்கும்வரை அவர் பேங்குக்குப் போன பிறகு போட்டுக் கேட்பாள், அழுகை முடியும் இடத்தில் மூச்சு சிக்கிக்கொண்டு ஒரு கேவல் வரும், அதற்காகவே திரும்பத் திரும்ப. அவர் கேட்டதில்லை. தூளிப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு மறு வாரமே பேங்குக்குப் போன மனிதர், மாது என்ற பேரை அதற்கப்புறம் வாயால் சொன்னதில்லை, எப்போதாவது இந்தப் படம் ஓடினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். இவருக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது, கல்லா... தங்கையிடம் ஒருமுறை அப்படியே சொல்லியும் விட்டாள். காஸ் வந்துடுத்தா, கத்திரிக்காய் சொத்தை என்று இத்தனை வருஷம் ஓடிவிட்டது, அவள் அவரை மன்னிக்கவில்லை, அதுதான் நிஜம்.

அந்தக் கேமரா தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும், இராஜமாணிக்கம் வங்காளியில் சொல்லிக்கொண்டே போகிறான், நல்லது வாடகைக்கு எடுக்க வழியில்லை, அதனால் அங்கே பதிவான சத்தம் ஒன்றுகூடத் தேறவில்லை, காக்கை, டிராம், கதவு, மூச்சு எல்லாமே டப்பிங்கில் சேர்த்தது. எல்லாமேவா? அனந்தலக்ஷ்மி டிவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். குக்கர் சரி, காக்கை சரி, குழந்தையை யாராவது டப்பிங் செய்வார்களா, இருக்காது, அதை மட்டும் எப்படியாவது வைத்திருப்பார்கள்... பாய் வந்துவிட்டது, மாது வந்துவிட்டாள், இராஜமாணிக்கம் பேச்சை நிறுத்திவிட்டான், அடியில் மெல்லிசாக அழுகை கேட்கிறது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான், இந்தக் குழந்தை இப்போது இல்லை. டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் ஒரு அம்மா, எல்லாப் படத்துக்கும் குழந்தை அழுகை அவர்தான், ஆனாலும் மாதுவையே அழவைத்துப் பதிவு செய்யலாம் என்று வீட்டுக்குப் போனேன், வாசலில்தான் விஷயம் தெரிந்தது, திரும்பிவிட்டேன், மாதுவின் அப்பா பின்னாலேயே படியிறங்கி வந்து டப்பிங் என்றைக்கு என்று கேட்டார். டப்பிங் நாளன்று டிபன் பையும் கையுமாக பேங்கிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா அழுதார், இவர் தலையை ஆட்டினார், மறுபடி அழுதார், மறுபடி ஆட்டினார். இந்த இடத்தில் இராஜமாணிக்கத்தின் வங்காளி நழுவித் தமிழாகிவிட்டது.

"இது அவ இல்லைப்பான்னு சொல்லிட்டு, சார் தானே எந்திரிச்சு மைக்குக்கிட்டப் போனாரு. இப்படித்தான் அழுவாள்னு அழுது காட்டினாரு. நாங்க யாரும் தலை நிமிரல. அந்தம்மா அதை அப்படியே புடிச்சுக்கிட்டாங்க, கடைசிக் கேவல் வரைக்கும். ஆத்துல சொல்லிடாதேன்னாரு, இத்தனை வருசம் சொல்லல. அக்கா, நீங்க கேட்டா கோவிச்சுக்காதீங்க."

அடுத்த காட்சியில் டிராம் வந்தது, அவன் டிராமைப் பற்றிப் பேசப் போய்விட்டான். அவள் பின்னால் தள்ளி, அவன் குரலை அணைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் போட்டாள். மாதுதான். வேறு யாராக இருக்க முடியும்? டாலிகஞ்சில் யாரோ ஒரு ஸ்த்ரீ, வெற்றிலை போடுகிறவளோ என்னவோ, அவள் தொண்டையா இது... சரி, அப்படியானால் மாது எப்படி அழுவாள்? எண்ணெய் கண்ணில் பட்டு அழுதாளே, ஊசி போட்டபோது அழுதாளே, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், எதைக் கூப்பிட்டாலும் இந்த அழுகைதான் வந்தது. நிஜ அழுகையை எங்கே தொலைத்தேன், எப்போது, பெற்றவள் மறப்பாளா? அவர் மறக்கவில்லையே, அவருக்குத் தொண்டையிலேயே இருந்திருக்கிறது, நான்தான் கல்லா... யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் மசமசவென்று வந்தது, அழுதுகொண்டே இருக்கும்போது மாது கட்டைவிரலை வாயில் போட்டுக்கொள்வாள், அதோடு அழுகை நின்றுவிடும், தட்டென்று. கேவல் எதுவும் இருந்ததாக...

கதவு திறந்தது. "பட்டாணி வந்துடுத்து, உரிச்சா ஒரு பிடிதான் தேறும்" என்று சொல்லிக்கொண்டே சுந்தரேசன் பையை வைத்தார், கண் டிவியில் பட்டது, நின்றார், கால் தன்னால் பால்கனிப் பக்கம் திரும்பிவிட்டது. இத்தனை வருஷமாகக் கோபத்தோடு பார்த்த அதே முதுகு, வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, தோள் எப்போது இவ்வளவு இறங்கிப்போயிற்று?

"ஏன்னா."

திரும்பினார். கேட்டுவிடலாம், இப்போதே.

"ஒண்ணுமில்லை. காபி கலக்கட்டுமா?"

"கலக்கேன்" என்றார், பால்கனிக்குப் போய் வழக்கம்போல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பாலை அடுப்பில் வைத்தாள், ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் மைக் முன்னால் நின்று அழுதது மாது மாதிரி, சரி, ஆனால் கடைசியில் அந்தக் கேவல், நான் இத்தனை வருஷம் என் குழந்தை என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மூச்சு, அதை அவர் செய்து காட்டினாரா, இல்லை, அது அவருக்கே வந்துவிட்டதா...