விழாத நாள்

...விழவில்லை என்றால் நல்லதுதானே, மேலாளரும் அதைத்தான் சொன்னார், நேற்றிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை, தானாகச் சரியாகிவிட்டதை எதற்கு நிறுத்த வேண்டும் என்று. திரையில் பச்சை எழுத்தில் ‘இயங்குகிறது’ என்று நிற்கிறது. ஊரிலுள்ள சின்ன கிளினிக்குகள் ஸ்கேன் படங்களை இந்த சர்வருக்குத்தான் அனுப்புகின்றன, பெரிய மருத்துவமனை இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, நிறுத்தினால் டாக்டர்கள் கத்துவார்கள், அவர் பயம் அவருக்கு. போன வாரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. விழுந்த வேகத்தில் எழுப்பிவிட அவன்தான் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தான், அதில் கொஞ்சம் பெருமைகூட, யாருக்கும் தெரியாமல் விழும், யாருக்கும் தெரியாமல் எழும்... ஏன் விழுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எழுந்துவிடுகிறதே.

இன்றைக்குத்தான் சர்வரின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறை விழுவதற்கு முன்பும் யாரோ பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ஒரே எழுத்தை வரிசையாக அடித்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நீளமாக. பெயருக்கு ஒதுக்கிய இடம் சின்னது, வருவதை அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதியவனுக்குத் தோன்றவில்லை, கொட்டியதையெல்லாம் அது வாங்கிக்கொள்கிறது, நிரம்பி வழிந்து பக்கத்து இடத்தை அழிக்கிறது, அங்கேதான் இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று எழுதியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் கிறுக்கினால் விழும். அளவு பிடிபட்டுவிட்டால் விழாது, கிறுக்கியவன் சொன்ன இடத்துக்குப் போகும், அவன் சொன்னதைச் செய்யும். நேற்றைய கடைசி வரிசையில் அந்த ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரவில்லை, எண்ணி வைத்தாற்போல் வேறு வேறு எழுத்துகள். அதற்கப்புறம்தான் இந்த அமைதி... “என்ன பாஸ், உங்க பிள்ளை இன்னிக்கு அழவேயில்ல போல?” என்றபடி தேநீர்க் கோப்பையோடு பக்கத்து இருக்கைக்காரன் கடந்து போனான், வேடிக்கையாகத்தான் சொன்னான், பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

பிள்ளை. வயிற்றிலேயே கலைந்துபோனதிலிருந்து அம்மா இவன் மனைவிக்குத் தினமும் போன் செய்தாள், அம்மா வைத்ததும் அக்கா, நீ மாடிப்படி ஏறியிருக்கக் கூடாது, நீ வேலையை விட்டிருக்கணும். இவள் சரிங்க அத்தை, சரிங்க அண்ணி என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டு வைக்கவா என்பாள். எழுந்துவிட்டாளே. ஒருநாள், “எவ்வளவுதாங்க வாங்கிக்கறது?” என்றாள். “அம்மா அப்படித்தான், நீ காதுல போட்டுக்காத” என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுத்தானா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழாய்ச் சத்தம் இல்லை. அம்மா போனில் ஏதோ சொல்ல இவள் சிரிக்கக்கூடச் செய்தாள். இன்று காலையில் அவன் சட்டைகளையெல்லாம் தேய்த்து அடுக்கியிருந்தாள், வீட்டோட இன்னொரு சாவி செருப்பு அலமாரி மேல இருக்கு என்றாள், எதற்குச் சொல்கிறாள் என்று கேட்காமலே தலையாட்டினான். தேறிவிட்டாள் என்றல்லவா நினைத்தான், பஸ்ஸில் பாட்டுகூட முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளர் எழுந்து நிற்பது தெரிந்தது, அவர் வாய் அசைவதும். போனை எடுத்து அவளை அழைத்தான், மணி அடித்துக்கொண்டே இருந்தது, இனி எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள். “நல்லாத்தாங்க இருக்கேன். ஏன், என்ன திடீர்னு?” குரலில் எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டும், கேட்டால் வீட்டில்தான் என்பாள், திரையில் இன்னும் ‘இயங்குகிறது’ என்றே நிற்கிறது... ஒன்றும் கேட்காமல், அவள் பின்னால் எங்காவது குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் வராதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.