சீசன் பங்களாவில் கேட்ட குரல்

நம்பிக் கூப்பிடும் ஒரு குரலுக்கு 1938-ல் குற்றாலத்தில் விலை ஒரு ரூபாய். கொடுத்தவர் வக்கீல். வாங்கி மடியில் முடிந்துகொண்டவர் அவருடைய குமாஸ்தா சிவசைலம். பேரம்கூடப் பேசவில்லை.

அதற்குப் பிறகு தென்காசிக் கடைத்தெருவில் நடப்பதே அவருக்குத் தண்டனையாகிவிட்டது. "அண்ணாச்சி, நல்ல சுக்கு வந்திருக்கு" என்று மளிகைக் கடை சேக் மைதீன் கூப்பிட்டால் போதும், கையிலிருந்த குடை கீழே விழும்.

"என்ன அண்ணாச்சி, விலையைச் சொல்லுததுக்கு முன்னாலயே நடுங்குதிய?"

ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. மனுஷன் எங்கே ஓடுவார்?

நடந்தது இதுதான். மழை வந்தாலும் வராவிட்டாலும், ஆனி பிறந்தால் வக்கீல் தம் ஆபீஸைக் குற்றாலத்து அருவியோரப் பங்களாவுக்கு மாற்றிவிடுவார். கட்சிக்காரர்களும் அங்கேதான் போகவேண்டும். வடகரை முப்பிடாதி புருஷனை இழந்தவள். கொழுந்தன் பிடுங்கிக்கொண்ட வயலுக்காக வழக்குப் போட்டிருந்தாள். "கைரேகை வைக்கணும், வாம்மா" என்று அவளை அழைத்துப் போனவர் சிவசைலம். வக்கீல் ரூபாயைக் கொடுத்து அவரை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று அவள் அலறினாள். சிவசைலம் வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முப்பிடாதி வாயை மூடிக்கொள்ளவில்லை. ஹைக்கோர்ட்டுக்கு மனுப் போட்டாள். ஜில்லா ஜட்ஜ் விசாரிக்க உத்தரவு வந்தது. தொழில் நடத்த வக்கீலுக்கு உரிமை தரும் சன்னது நிற்பதும் போவதும் சிவசைலத்தின் ஒரு வார்த்தையில் இருந்தது.

"அருவி இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிரும் வே. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் வக்கீல்.

கூண்டில் ஏறி அப்படியே சொன்னார் சிவசைலம். முப்பிடாதிக்கு வக்காலத்துப் போட ஒரு வக்கீலும் வரவில்லை. "நீயே கேளம்மா" என்றார் ஜட்ஜ்.

"அண்ணாச்சி, போன ஆனி பூரா மழையே இல்ல. அருவிப் பாறையில காக்கா உக்காந்து எறகு கோதிச்சு. எந்தத் தண்ணி இரைஞ்சுது? சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வருஷா வருஷம் அதே பங்களா, அதே இரைச்சல் என்ற பழக்கத்தில், வக்கீல் பொய்யையும் பழைய அளவுக்கே தைத்துவிட்டார்.

வக்கீல் முறைத்தார். அந்த முறைப்பில் தம் மூன்று பிள்ளைகளின் சோற்றுத் தட்டு கவிழ்வது சிவசைலத்துக்குத் தெரிந்தது. முப்பிடாதி தாழ்ந்த குரலில் மறுபடியும், "அண்ணாச்சி" என்றாள்.

சிவசைலம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி விழல, எசமான். இவ கூப்பிட்டது கேட்டுது. நல்லாவே கேட்டுது. தப்புப் பண்ணுதவன் வாசல்ல ஒருத்தன் செவிடனா உக்காந்தா, அவனும் கூட்டாளிதான். நானும் கூட்டாளி."

வக்கீலின் சன்னதை ஹைக்கோர்ட் பறித்தது. சிவசைலத்துக்கு வேலை போயிற்று. தென்காசியில் வேறு வக்கீல் எவரும் அவரைச் சேர்க்கவில்லை. வயல் இன்னும் கொழுந்தன் கையில்தான். முப்பிடாதி இழந்ததை வரவு வைக்க எந்தக் கோர்ட்டுப் பேரேட்டிலும் பக்கம் இல்லை. அவளுக்காக எழுந்து நிற்காத அத்தனை கறுப்பு அங்கிகளின் பேரிலும் அந்தப் பாக்கி நிற்கிறது.