ஒட்டும் வரைக்கும்

ஊசி சதைக்குள் இறங்கியதும் கடல் பவளத்தின் துண்டு வெடுக்கென்று சுருங்கியது. தையல்காரி கையை நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தைத்த எதுவும் இப்படிச் சுருங்கியதில்லை.

"வலிக்குமோ?" என்றாள், பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி.

"மூளையே இல்லாத ஜென்மம், அதுக்கு எங்க வலிக்கப்போகுதுன்னு உன் வீட்டுக்காரன் சொல்லுவானே" என்று சொல்லிவிட்டு, அவன் பேச்சை எடுத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் பைக்கில் போன தம்பி உயிரோடு திரும்பவில்லை. கூடத்தில் இருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி அவனுடையது. தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு ஜன்னலோரத்தில் வந்து உட்கார்ந்த தொட்டி. அதைத் திட்டிக்கொண்டேதான் இப்போது அவள் தண்ணீர் மாற்றுகிறாள். நடுவில் காளான் மாதிரி விரிந்து நிற்கும் பவளம், கல்யாணமான புதிதில் அவனும் மனைவியுமாகப் போய் வாங்கி வந்தது. கட்டைவிரல் அளவில் வந்தது, இன்று சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது.

தம்பி மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. சின்ன வயசு. போகாதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவள் கேட்டது பவளத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். வெட்டி வைத்தால் தனியாக வளரும். ஆனால் கல்லில் ஒட்டாத துண்டைக் கொண்டுபோனால் வழியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் உருண்டு அழுகிவிடும் என்று வளர்ப்புமீன் கடைக்காரர் சொல்லிவிட்டார். "ஒட்டினதும் கிளம்பறேன்க்கா" என்று வேலையில் சேரும் நாளைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தாள்.

முதலில் பசை வைத்துப் பார்த்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து கோழையாக வழிய, பசை ஒரு பக்கமும் பவளம் ஒரு பக்கமுமாகப் போயின. அதற்குப் பிறகுதான் இந்த ஊசி நூல். சட்டைப் பித்தானுக்குப் போடுகிற மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டாள். தளர்வாகத் தைப்பது அவள் கைக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தது. கல்லில் முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது.

"என் கையில கொள்ளி வைக்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் போறேனே."

அதைக் கேட்டதும் தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

இன்னொரு துண்டை வெட்டினார்கள். இந்த முறை கடைக்காரர் சொன்னபடி கிண்ணத்தில் உடைகற்களைப் போட்டு, மேலே துண்டை வைத்து, வலைத்துணியால் மூடி, தண்ணீர் அதிகம் அலையாத மூலையில் இறக்கினார்கள். அதுவாக ஒட்டும், கை வைக்காதீர்கள் என்றிருந்தார். அவள் கை சும்மா இருக்குமா? காலையில் எழுந்ததும் வலையைத் தூக்கிப் பார்ப்பாள். "இன்னும் இல்லம்மா" என்று சொல்லும்போது குரலில் கவலையை வரவழைத்துக்கொள்வாள். அந்த நாட்களில் தம்பி மனைவி பித்தான் தைக்கப் பழகினாள். ஃபேனைக் கூட்டிவை, குறைத்துவை என்று இருவரும் சண்டை போட்டார்கள். ஒருநாள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

இன்று துண்டைத் தூக்கினாள். கூடவே கல்லும் வந்தது.

லேசாக உதறிப் பார்த்தாள். விழவில்லை. மெல்லிய சதை கல்லின் குழிகளுக்குள் இறங்கிப் பற்றியிருந்தது. அதன் ஓரத்தில் நகத்தை வைத்தாள். ஒரு நெம்பு நெம்பினால் போதும். யாருக்கும் தெரியாது.

"ஒட்டிடுச்சாக்கா?" என்று உள்ளறையிலிருந்து கேட்டாள் தம்பி மனைவி.

நகத்தை எடுத்துவிட்டாள். உள்ளறைப் பக்கம் திரும்பினாள். கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபடியே நின்றாள். துண்டுக்கு அடியில் அந்தச் சின்னக் கல் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வழிந்த உப்புத்தண்ணீர் முழங்கை வரை வந்து சொட்டியது.