சுவரில் ஐந்து சான்றிதழ், அதில் ஒன்று காலாவதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கட்டுரைக்காக ஒதுக்கிய தாளில் எழுதப்படுகிறது. கோலசிலாங்கூரில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. செயலாளர் திலகா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்க சர்டிபிகேட் மேல சர்டிபிகேட்டா எடுக்குதுங்க. அதால வேலை கெடைக்குமா, கெடைக்காதா? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா."

எழுதினேன். "மென்பொருள் துறையில் தொழில்சார் சான்றிதழ்களின் பயன் யாதெனில்" என்று தொடங்கி, அந்த யாதெனிலைத் தாண்ட முடியாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள், கட்டுரைக்குப் பதில் ஒரு கதையாக, பிரேமலா வந்தாள்.

2.

முதல் தொடக்கம்: ஜெராம் கடற்கரையில் சூரியன் மெல்ல மெல்ல...

(வேண்டாம். வேலை தேடுகிற பெண்ணுக்குக் கடற்கரையில் என்ன வேலை?)

இரண்டாம் தொடக்கம்: பிரேமலாவுக்கு இருபத்தேழு வயது. ஜெராம் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. ஷா ஆலமில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். அந்த ஏழு மாதத்தில் நான்கு தேர்வு எழுதி நான்கு சான்றிதழ் வாங்கினாள். கல்லூரி முடித்த கையோடு வாங்கிய பழையதையும் சேர்த்தால் ஐந்து.

(இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.)

எல்லாம் மின்னஞ்சலில் வந்தவை. அவள் கூட்டாளிகள் யாரும் இவற்றை அச்சடிப்பதில்லை. அவளுடைய அப்பா ஐயாவு அச்சடித்தார். அதுவும் சாதாரணத் தாளில் இல்லை, இரண்டு மடங்கு பெரிதாக்கி. பிறகு லேமினேட் செய்து, பிரேம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டினார்.*

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐயாவு செம்பனை ஆலையில் பாய்லர்மேன். பாய்லர் அறைச் சுவரில் அவருடைய சான்றிதழ் தொங்குகிறது. அது உள்ள ஆள் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்கக் கூடாது, பற்றவைக்காவிட்டால் ஆலை ஓடாது. சான்றிதழ் சுவரில் தொங்கினால் வேலை நடக்கும் என்பது அவர் முப்பது வருடமாகக் கண்ணால் கண்டது.

மகளுடைய ஐந்தும் தொங்கியும் ஏழு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால் ஆலையின் எடைமேடையில், வரும் லாரிகளின் எடையைக் குறித்துவைக்கும் ஒரு கிராணி வேலைக்கு மகளுக்காகச் சொல்லிவைத்துவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் அதில் உட்கார்ந்துவிட்டால் மென்பொருள் பக்கம் திரும்ப மாட்டோம் என்று பிரேமலாவுக்குப் பயம். அதற்கு முன் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, வீடியோவில், ஒரே ஒரு நேர்காணல் பாக்கி இருந்தது.

* எனக்கும் ஒன்று இருக்கிறது. சிறுகதைப் பட்டறையில் "கலந்துகொண்டார்" என்று கொடுத்தார்கள். வந்து உட்கார்ந்ததற்கு. நானும் லேமினேட் செய்திருக்கிறேன்.

3.

திரையில் மவுரீன் வந்தார். பெட்டாலிங் ஜெயா கம்பெனி ஒன்றின் மேலாளர். "நானும் தமிழ்தான், தமிழ்லயே பேசலாம்" என்றார். பிரேமலாவுக்கு மூச்சு வந்தது. பிறகு மவுரீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சுவத்துல கடைசியா இருக்கே, அது மார்ச்சோட முடிஞ்சிருச்சு. தெரியுமா?"

இரண்டு மடங்கு பெரிதாக்கிய தேதி. தெரியாமல் இருக்குமா? பிரேமலாவுக்குக் காது சுட்டது.

(முதல் வரைவில் அவளைப் பொய் சொல்ல வைத்தேன். "ரினியூ பண்ணிட்டேன் மேடம், இன்னும் வரல." மவுரீன் நம்பினார், வேலை கிடைத்தது, எனக்குத்தான் தூக்கம் போனது. அடித்துவிட்டேன்.)

(இரண்டாம் வரைவில் ஐயாவு அறைக்குள்ளிருந்து வந்து, பாய்லரை உதாரணம் காட்டி, வாழ்க்கை என்பது... வேண்டாம். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மனிதர். குறட்டை விடுகிறார். தூங்கட்டும்.)

"தெரியும் மேடம்," என்றாள் பிரேமலா. "எங்கப்பா மாட்டுனாரு. அவரு பாய்லர்மேன். அவரோட சர்டிபிகேட்டுக்குக் காலாவதி கெடையாது. அதனால எதுக்குமே கெடையாதுன்னு நெனச்சிட்டாரு. நானும் கழட்டல, அவரு வருத்தப்படுவாரு."

மவுரீன் வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா. மத்த நாலும் இருந்ததாலதான் உங்களக் கூப்பிட்டேன். இருநூறு பேரு அப்ளை பண்ணியிருக்காங்க, அதுல அதுதான் கண்ணுல பட்டுச்சு. இப்ப சர்டிபிகேட்ல இல்லாதது ஒண்ணு சொல்லுங்க."

பிரேமலா யோசித்தாள். சொல்லக்கூடாது என்று முடிவு செய்து வைத்திருந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

"பழைய கம்பெனியில சோதனைக்கு வச்சிருக்கிற டேட்டாபேஸ்னு நெனச்சு, உண்மையானத அழிச்சிட்டேன். பேக்கப் பாடத்துல நான் தொண்ணூத்தாறு மார்க் மேடம். நாலு மணி நேரம் எழுந்திரிக்காம உக்காந்து எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்தேன். பாஸ்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அப்பலேருந்து எத அழிச்சாலும் அதோட பேர வாய்விட்டுப் படிச்சிட்டுத்தான் அழிப்பேன். பக்கத்துல இருக்கிறவங்க சிரிப்பாங்க. பரவால்ல."

மவுரீன் எதையோ குறித்துக்கொண்டார். "அஞ்சு மணிக்குள்ள போன் பண்றேன்."

(ஏன் இதைச் சொன்னாள்? நான் எழுதிக் கொடுக்கவில்லை. சத்தியம்.)

4.

மதியம் அவள் அந்தப் பிரேமைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான்கரைக்கு ஐயாவு எழுந்து வந்து சுவரைப் பார்த்தார்.

"எதுக்குக் கழட்டுன?"

"காலாவதியாயிருச்சுப்பா."

"அப்ப நீ படிச்சதும் போயிருச்சா?"

"அது எங்க போவும்? இருக்கு."

"அப்ப மாட்டு."

(இதைத் தத்துவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் ஆணி மட்டும் தனியாகத் தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் திலகா கேட்ட இரண்டு பக்கத்தை இவர் ஒரு வரியில் முடித்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை.)

5.

மணி ஐந்தாக இரண்டு நிமிடம். பிரேமலா நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் பிரேமைப் பிடித்து ஆணியைத் தேடுகிறாள். மேசையில் கைப்பேசி அடிக்கிறது.

"அப்பா, எடுங்கப்பா! எடுங்க!"

முடிவு ஒன்று: வேலை கிடைத்தது. முடிவு இரண்டு: திங்கட்கிழமை எடைமேடை. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மவுரீனுக்கு வசனம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. நான் யாருக்கும் வேலை கொடுத்தவன் இல்லை. உங்களில் சிலர் கொடுத்திருப்பீர்கள், சிலர் இனிமேல் கொடுப்பீர்கள். அதனால் மவுரீனை அவர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அதில் உங்களை உட்கார வைக்கிறேன்.

ஐயாவு கைப்பேசியை எடுத்துவிட்டார். உங்களுக்குக் கேட்கிறதா?

"ஹலோ? ஆமா மேடம், அப்பாதான் பேசறேன். புள்ள நாற்காலி மேல நிக்குது, சர்டிபிகேட்ட மாட்டுது. நீங்க சொல்லுங்க, நான் சத்தமா சொல்றேன் அதுக்கு."