மூன்றாம் கியரில் ஒரு ஓட்டம்

“பதினொண்ணு அஞ்சு… பதினொண்ணு அஞ்சு… பதினொண்ணு ஆறு…”

காரின் முன் சீட்டில் மடிக்கணினித் திரையைப் பார்த்து மிக்தாலியா கத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் கியரில் இன்ஜின் அலறியது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகிறதா என்று காட்டும் எண் அது. பன்னிரண்டைத் தாண்டினால் “விடு!” என்று அவள் கூவ வேண்டும், கணவன் பெர்தோ சட்டென்று காலை எடுத்துவிடுவான். தாமதித்தால் பிஸ்டன் உருகிப்போகும். அவன் கண் பாதையில், அவள் கண் திரையில். இருபது வருஷமாக இதுதான் ஏற்பாடு. சர்ச்சுக்குக்கூட அவர்கள் இவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்து போனதில்லை.

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பெரிய டர்போவை ஜனவரியிலேயே மாட்டிவிட்டான். ஆனால் அதற்கு ஈடுகொடுக்கும் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டர்களும் வந்து சேரும்வரை மூன்று மாதம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கவே இல்லை. “டர்போ மாட்டி ஆமை ஓட்டுறான்” என்று சலினாஸ் ஊர் முழுக்கக் கேலி. பெர்தோ அசைந்து கொடுக்கவில்லை. இன்றும் பழைய விமான ஓடுதளத்தில் அனுமதி வாங்கி, டர்போவின் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினான். இது ஆறாவது ஓட்டம்.

சத்தம் தணிந்தது.

“ஏய், ஏன் விட்டே? நம்பர் தங்கமா இருந்துச்சே!” என்றாள், நிமிராமலே.

கார் உருண்டுகொண்டே போனது. ஓட்டம் முடிந்ததும் சூடான டர்போ ஆறட்டும் என்று காரைத் தானாக உருள விடுவது அவன் வழக்கம். அவள் பதிவைச் சேமித்தாள். தேதி போட்டாள். பக்கத்தில் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்றும் தட்டினாள். கார் புல்லில் இறங்கி, குலுங்கி அணைந்தது. அப்போதுதான் திரும்பினாள். பெர்தோவின் ஹெல்மெட் ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். வயது நாற்பத்தொன்பது. அதற்கு முன் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

மூன்றாம் நாள், இறுதிச் சடங்கு மண்டபத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சூடான சாக்லேட் பானமும் பாலாடைக்கட்டியும் சுற்றி வந்தன. கூடவே வதந்தியும் வந்தது.

“டர்போ வெடிச்சிருச்சாமே?”

“ஒண்ணும் வெடிக்கல!” பெர்தோவின் தம்பி இஸ்மாயெல் ஒவ்வொருவரிடமும் சண்டைக்குப் போனான். “இப்ப சாவியத் திருப்பினாலும் ஓடும். எங்கண்ணன் வேலை அது!”

பிறகு மிக்தாலியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது.

“அண்ணி, பதிவைப் பாத்தேன். எப்பவும் டக்குனு கால எடுப்பாரு. அன்னிக்கு பெடல் கோடு மெதுவா எறங்கியிருக்கு, கால் தானா நழுவின மாதிரி. நாலு செகண்டு.”

“அந்தக் கோடும் என் கண்ணு முன்னாலதான் ஓடுச்சு” என்றாள். “நான் நம்பரத்தான் பாத்துட்டிருந்தேன்.”

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் மனுஷன் செத்துக்கொண்டிருக்கிறான், இவள் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று எழுதியிருக்கிறாள். இதை யாரிடம் சொல்வது?

சவப்பெட்டியின் தலைமாட்டில் பெர்தோவின் அம்மா ப்ரொவிதென்சியா காலையிலிருந்து யாரையும் அண்டவிடாமல் உட்கார்ந்திருந்தாள். மருமகளைக் கூப்பிட்டாள்.

“நீதான பக்கத்துல இருந்தே? ரொம்பத் துடிச்சானாடி? மொகம் எப்படி இருந்துச்சு?”

சிரித்த முகமாகப் போனார் என்று சொல்லிவிடும்படி இஸ்மாயெல் பின்னாலிருந்து ஜாடை காட்டினான். சொல்வது சுலபம்தான். மண்டபமே அதைக் கேட்கத்தான் காத்திருந்தது.

“நான் பாக்கல, அத்தை.”

“பக்கத்துலதானடி இருந்தே?”

“ஆமா. பாக்கல.”

கோப்பைகளின் சத்தம் நின்றது. கிழவி அவளையே வெறித்துப் பார்த்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு, மகனின் முகத்தருகே மருமகளுக்கு இடம் விட்டு, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.